இரு வால்வும் திறந்திருக்கும் நேரம்

விலைப்பட்டியலில் மூன்று கேம்ஷாஃப்டுகள்.
மூன்றும் ஒரே நீளம், ஏறக்குறைய ஒரே விலை.
வேறுபாடெல்லாம் புடைப்பின் தோளில்,
நகக்கண் அளவு இரும்பில்.

மூன்றாவதை வாங்கு என்கிறான் ஸ்டூரே, என் மைத்துனன்.
நாலாயிரம் சுற்றுக்கு மேல்
பேய் பிடித்தாற்போல் இழுக்குமாம்.
இழுக்கட்டும்.
நான் நாலாயிரத்தில் குடியிருப்பவன் அல்ல.
இரவல் வாங்கிய சுற்றுமானியைப் பார்த்து
ஒரு வாரம் சீட்டில் குறித்து வைத்தேன்:
ஆலையிலிருந்து வீட்டுக்குப் பதினான்கு கிலோமீட்டர்,
மரலாரிகளின் பின்னால் இரண்டாயிரம்,
ஓங்கெர்மன் ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில்
இரண்டாயிரத்து எண்ணூறு.
விறகு டிரெய்லரோடு மூச்சுத் திணறுவது அங்கேதான்.
மூவாயிரத்தைத் தாண்டியது ஒரே தடவை,
எல்க் மான் ஒன்று சாலையில் நின்று என்னைப் பார்த்துவிட்டு
அவசரமில்லாமல் காட்டுக்குள் போன பிறகு,
என் கால் நடுங்கியதால்.

பட்டியலின் கடைசிப் பத்தியில் ஓர் எண்.
புகை போகும் வாசலும் காற்று வரும் வாசலும்
ஒருசேரத் திறந்திருக்கும் டிகிரிகள்.
அது கூடினால் மேலே வேகம், கீழே தள்ளாட்டம்:
வந்த காற்று உட்காராமலே
போகிற புகையோடு போய்விடும்.
சிக்னலில் நிற்கும் வண்டி
குளிர்காய்ச்சல்காரனாய்ப் பல் கிட்டி ஆடும்.
குறைந்தால் ஆட்டமில்லை, அமைதி.
அறுபத்தாறாம் வருடத்து இந்த வால்வோவில்
பழைய கேம்ஷாஃப்ட் அப்படித்தான்:
ஒருவர் போய்க் கதவு சாத்தும் வரை
மற்றவர் வெளியே நிற்பார், கிட்டத்தட்ட.

எனக்கு இந்தக் கணக்கு பழக்கம்.
காகிதக்கூழ் ஆலையில் எனக்கு இரவு ஷிப்ட்,
பள்ளிச் சமையலறையில் குன்ஹில்டுக்குக் காலை.
ஆறு ஐந்துக்கு நான் பூட்ஸைக் கழற்றுவேன்,
ஆறு பத்துக்கு அவள் மாட்டுவாள்.
என் மேல் கந்தக நாற்றம், அவள் மேல் காபி,
ஒரே கால்மிதியில் நாலு பாதம்.
கரண்டு பில். நாய்க்கு மாத்திரை.
முதுகு எப்படி?
ஐந்து நிமிடம் கொள்வது அவ்வளவுதான்.

ஒரு வருடம் இரண்டு மாதம் எனக்கும் பகல் ஷிப்ட் கிடைத்தது.
எந்நேரமும் எதிரெதிரே.
கரண்டி வைத்த இடத்துக்கெல்லாம் சண்டை.
சன்னல் கண்ணாடி கூட ஆடிற்று.

நடுவில் இருந்ததை வாங்கினேன்.
சில டிகிரி கூடுதல்.
கிழவர் கேம்ஷாஃப்ட் என்றான் ஸ்டூரே.

மே மாதம் பொருத்தி முடித்தேன்.
நார்ப் பல்சக்கரம் போய் உலோகப் பல்சக்கரம்,
புது டேப்பட்டுகள் எட்டு,
புடைப்புகள் மேல் கரும்பசை;
விரலிடுக்கில் இன்னும் இருக்கிறது.
உறையில் சிவப்பு எழுத்தில் ஒரு கட்டளை:
முதன்முதல் கிளப்பியதும் இருபது நிமிடம்
இரண்டாயிரத்துக்குக் கீழே இறக்காதே.
இரும்பும் இரும்பும் முகம் பழகும் நேரம்.
சும்மா ஓடவிட்டால் புடைப்பைத் தின்றுவிடும்.

ஆக்சிலரேட்டரில் ஒரு கால் வேண்டும்,
பானட்டுக்குள் இரண்டு கண் வேண்டும்.
ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கினேன்.
தெருவில் அந்நேரம் விழித்திருந்தது
அவள் கால் ஒன்றுதான்.
"மூணே நிமிஷம்" என்று கோட்டோடு ஏறினாள்.

பிடித்துக்கொண்டது.

எதிர்வீட்டுச் சன்னல் படீரென்று மூடியது.
எண்ணெய் எங்காவது கசிகிறதா என்று
டார்ச்சோடு குனிந்திருந்தேன்.
அந்த இரைச்சலில் பில்லும் இல்லை, மாத்திரையும் இல்லை.
ஆறு பத்துக்குக் கையாட்டினேன்:
இறங்கு, நான் பார்த்துக்கொள்கிறேன்.
கடிகாரத்தைப் பார்த்தாள். சுற்றுமானி முள்ளைப் பார்த்தாள்.
காலை எடுக்கவில்லை.

அன்று அந்தப் பள்ளியில்
உருளைக்கிழங்கு தாமதமாக வெந்தது.

பாலத்தில் எப்படி என்று கேட்டான் ஸ்டூரே.
நாலாம் கியரிலேயே ஏறுகிறது என்றேன்,
விறகோடு.